கடலில் தொடங்கி மலையில் இறங்கும் சைக்கிள் பயணம்: ஓய்வு நாளை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான். ஏழு நண்பர்கள் ராமேஸ்வரத்தில் கிளம்பி, தனுஷ்கோடியை எட்டிப் பார்த்துவிட்டு, மதுரை வழியாகக் கொடைக்கானல் ஏறி, பழனியில் இறங்கி முடிக்கப் போகிறார்கள். கையில் ஏழு நாள். அதில் ஒரு நாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காரலாம் என்று ஆறு பேர் சொல்ல, ஏழாவது ஆள் “ஓய்வெடுக்கவா லீவு போட்டோம்?” என்கிறாராம். ஓய்வு நாள் தேவையா, தேவையென்றால் கடலோரமா மலை மேலா, அன்றைக்கு என்னதான் செய்வது?

நான் பெருமாள்மலைக்காரன். வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேருகிற இடம் எங்கள் ஊர். ஏறி வருகிற சைக்கிள்காரர்களின் முகத்தைப் பார்த்தே எத்தனை நாள் பயணம் என்று சொல்லிவிடுகிற அளவுக்குப் பார்த்தாயிற்று. நானும் கடலிலிருந்து மலைக்கு இதே வழியில் குழுவோடு வந்திருக்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓய்வு நாள் வேண்டும், அதைக் கொடைக்கானலில் வையுங்கள், ஏறிய மறுநாள். ஆனால் கடற்கரையில் இருப்பது போல இருங்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் யாருக்கும் புரிவதில்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

ஒரு தடவை நாங்கள் எட்டுப் பேர் ராமேஸ்வரத்தில் முழுதாக ஒரு நாள் தங்கினோம். முந்தின நாள் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருந்தது, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கல்லாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கே பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் விழிப்பு வந்துவிட்டது. காபி குடித்தோம். தங்கச்சிமடம் பக்கம் மணலில் போய் உட்கார்ந்தோம். அங்கே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போக முறை நாள் உண்டு. போகாத நாளில் வலை பார்ப்பார்கள். ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, கிழிசலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். கொடைக்கானல் என்றோம். “சைக்கிள்லயா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “மதுரைக்கு பஸ் இருக்கே தம்பி” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. எங்களில் ஒருவர் கரையேற்றியிருந்த வள்ளத்தின் நிழலில் இரண்டு மணி நேரம் தூங்கினார். மற்றவர்கள் தண்ணீரில் முட்டி வரை நின்றோம். அந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்பார்கள், அலையே இல்லாமல் குளம் போலக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல், அங்கே இப்படி நிற்க முடியாது.

அந்த நாளில் யாரும் எதுவும் செய்யவில்லை. கடலின் வசதி அது. பார்க்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ‘பாயின்ட்’ எதுவும் கிடையாது. (ராமேஸ்வரத்திலும் ஓய்வு நாளைக் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத் துணியோடு வெறுங்காலில் கல் தரையில் பிராகாரம் சுற்றுகிறவர்களைச் சொல்கிறேன். கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பயணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் கடலோரத்திலேயே ஓய்வு நாளை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உங்கள் திட்டத்தில் கடல் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. களைப்பு வராமலே ஓய்வெடுத்து என்ன பயன்? எங்களுக்கு அது சரிப்பட்டது, ஏனென்றால் நாங்கள் அதற்கு முன் நான்கு நாள் கடலோரமாக ஓட்டி வந்திருந்தோம். உங்களுக்கு முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பி ராமநாதபுரம், இரண்டாம் நாள் மதுரை, மூன்றாம் நாள் வத்தலக்குண்டு, நான்காம் நாள் கொடைக்கானல். முதல் மூன்று நாளும் சமவெளி. வெயிலும் காற்றும்தான் எதிரி. மூன்றாம் நாள் சுமார் 60 கிலோமீட்டர்தான் என்பதால் அது பாதி ஓய்வு. மத்தியானத்துக்குள் வத்தலக்குண்டு சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

நான்காம் நாளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஏற்றம், ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதையில் பரவிக் கிடக்கிறது. சராசரியாகப் பார்த்தால் 100 மீட்டருக்கு மூன்று, நான்கு மீட்டர்தான். நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிறவர்கள் முப்பத்து மூன்று கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறுகிறார்கள், அதோடு ஒப்பிட்டால் எங்கள் பாதை சாதுவானது. ஆனால் பாதை லேசில் முடிவுக்கு வராது. டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்க்கும்போது பாதி வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். வந்திருக்க மாட்டீர்கள். ஐந்து மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை ஆகும், கால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் ஏழாவது நண்பருக்கு அதைச் சொன்னால்தான் ஒத்துக்கொள்வார். சைக்கிள் மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. மலையிலிருந்து நடந்து இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை நார் நுண்ணியதாகக் கிழிந்து, இரண்டாம் நாள் படிக்கட்டு இறங்க முடியாமல் செய்கிற வலி, பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை வேலையால் வருவது. ஆகவே மலையேறிய சைக்கிள்காரருக்கு மறுநாள் வலி அவ்வளவு இருக்காது. இருப்பது வெறுமை. தசைக்குள் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீர்ந்து போயிருக்கும். அது மறுபடி நிறைய, நன்றாகச் சோறு தின்றாலும் ஒரு முழு நாள் பிடிக்கும். இதை வைத்தே ஓய்வு நாளின் இரண்டு விதி கிடைத்துவிடுகிறது: நன்றாகச் சாப்பிட வேண்டும், செங்குத்தாக நடந்து இறங்கக் கூடாது.

இரண்டாவது விதியை மீறுகிறவர்கள்தான் அதிகம். கொடைக்கானல் வந்ததும் வட்டக்கானலில் டால்பின் மூக்கு என்று ஒன்று இருக்கிறதாமே, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். போகும்போது முழுக்க இறக்கம், வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. நான்கு நாளாக மிதித்து மிதித்துப் பழகிய தொடைக்கு அந்த இறக்கம் முற்றிலும் புது வேலை. மறுநாள் காலையில் பெடலில் நிற்கும்போது தெரியும். இன்னொரு நாள் வாருங்கள், அழகான இடம், மறுக்கவில்லை.

முதல் விதியை மீறியது எங்கள் குழுதான். அதே பயணத்தில், கொடைக்கானலில் ஓய்வு நாள் காலை, எங்களில் நல்ல பலசாலியான ஒரு அண்ணன் “பூம்பாறை பதினெட்டு கிலோமீட்டர்தானாம், குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுட்டு மத்தியானம் வந்துடலாம்” என்றார். நான்கு பேர் கிளம்பினோம். ரோடு அருமை, படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், எல்லாம் சரி. ஆனால் போகும்போது எவ்வளவு இறங்கினோமோ அவ்வளவும் திரும்பும்போது ஏற வேண்டும் என்பது கோயில் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. திரும்பி வந்தபோது மத்தியானம் மூன்று மணி. சாப்பாடு தள்ளிப்போனது, மழையில் நனைந்தோம். மறுநாள் பழனி ரோட்டில் இறங்கும்போது அண்ணனுக்குக் கை விரல் பிடித்துக்கொண்டது. பிரேக் பிடியை அழுத்தியவர் விரலை விரிக்க முடியாமல் ஒரு வளைவில் நேராகப் போய் ஓடையில் சக்கரத்தை இறக்கினார். நல்லவேளை மலைப் பக்கத்து ஓடை, பள்ளத்தின் பக்கம் இல்லை. முழங்கையில் சிராய்ப்போடு போனது. முன் சக்கரத்தில் இரண்டு கம்பி வளைந்தது.

ஓய்வு நாளை ஏறிய பிறகு வையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஏற்றத்தில் களைத்தால் நிற்பீர்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் களைத்திருந்தால் நிற்க முடியாது. கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி கையும் கண்ணும் செய்கிற வேலை, கால் சும்மா இருக்கும். அந்தக் கைக்கும் கண்ணுக்கும்தான் முந்தின நாள் ஓய்வு.

சரி, அன்றைக்கு என்ன செய்யலாம்? விழித்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். வீட்டில் வழக்கமாக இருப்பதைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைவு, இதயம் அதைச் சரிக்கட்டுகிறது. பயம் வேண்டாம். மிக அதிகமாக இருந்தால், கூடவே தலைவலியும் பசியின்மையும் இருந்தால், அன்று சைக்கிளைத் தொடவே வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்துப் படுங்கள். குளிரில் தாகம் எடுக்காது, அதை நம்பாதீர்கள். ராமநாதபுரத்தில் வியர்வையாகப் போனது இங்கே மூச்சிலும் சிறுநீரிலும் போகிறது.

உடம்பு நன்றாக இருந்தால், ஏழு மணிக்குள் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு. ஒன்றே ஒன்று. சுமார் ஐந்து கிலோமீட்டர், கிட்டத்தட்டச் சமதளம். சின்ன கியரில், பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் அரட்டை அடிக்க முடிகிற வேகத்தில். சும்மா கிடக்கிற காலைவிட லேசாகச் சுற்றுகிற காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், விறைப்பு விடும். அரை மணி நேரம் போதும். எட்டு மணிக்கு மேல் வாடகை சைக்கிளும் குதிரையும் வந்துவிடும், மூன்று பேர் ஒரே சைக்கிளில் வளைந்து வளைந்து வருவார்கள், அதற்குள் ஓடிவிடுங்கள்.

இந்த ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-இல், அப்போது மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. அது நிரம்பி வழிகிற தண்ணீர்தான், முந்தின நாள் மாலை நீங்கள் ஏறி வரும்போது நின்று முகம் கழுவிய வெள்ளி நீர்வீழ்ச்சி. அந்த நீர்வீழ்ச்சியிலிருந்து கடைசி எட்டுக் கிலோமீட்டரை நீங்கள் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினீர்கள் என்பது நினைவுக்கு வரும், அதே தண்ணீர் இங்கே அசையாமல் கிடக்கும். கரையில் ஒரு பெஞ்சு பிடித்து உட்காருங்கள். கடற்கரையில் இருப்பது போல இருங்கள் என்று முதலில் சொன்னது இதைத்தான். மலையில் பிரச்சினை என்னவென்றால் பார்க்க வேண்டியது எல்லாம் மேலேயோ கீழேயோதான் இருக்கிறது. ஏரிக்கரை ஒன்றுதான் விதிவிலக்கு. கோக்கர்ஸ் வாக்கும் பரவாயில்லை, ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மேகம் இல்லாத காலையில் நீங்கள் வந்த சமவெளி முழுக்கக் கீழே விரிந்து தெரியும். சூரிய ஆய்வகம் பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் (1899-இல் தொடங்கியது, சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்த இடம்) டாக்சி பிடித்துப் போங்கள். ஏரியிலிருந்து நல்ல ஏற்றம் அது. சைக்கிளில் போனால் ஐந்தாம் நாள் பயணம் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் இட்லி, பொங்கல், மறுபடி பத்து மணிக்கு ஒரு பிரெட் ஆம்லெட், மத்தியானம் அளவுச் சாப்பாடு போதாது. மலைப்பூண்டு போட்ட ரசம் கிடைத்தால் இரண்டு டம்ளர் வாங்கிக் குடியுங்கள், குளிருக்கு அதைவிட நல்லது கிடையாது. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, எப்படியும் சாப்பிடத்தான் போகிறீர்கள். தண்ணீர் பாட்டில் விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இங்கே தடை. சைக்கிள் பாட்டிலையே தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். சாமான் தூக்க வேன் கூட வந்தால், 2024 மே மாதத்திலிருந்து இருக்கிற இ-பாஸை அந்த வண்டிக்கு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

துணி துவைக்கிற நாள் என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். தப்பு. ராமேஸ்வரத்தில் பேட் வைத்த ஷார்ட்ஸைத் துவைத்துக் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் முறுகக் காய்ந்துவிடும். கொடைக்கானலில் பனிமூட்டத்தில் இரண்டு நாள் தொங்கினாலும் அந்தப் பஞ்சு உள்ளே ஈரமாகவே இருக்கும். ஈர ஷார்ட்ஸோடு மறுநாள் உட்கார்ந்தால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும், அதற்கு எந்த மருந்தும் உடனே கேட்காது. துவைப்பதை வத்தலக்குண்டிலேயே முடியுங்கள், அதற்காகத்தான் அங்கே மத்தியானமே போய்ச் சேரச் சொன்னேன். மேலே வந்து துவைத்தே ஆக வேண்டுமென்றால், உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதியுங்கள். முக்கால்வாசித் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும்.

சைக்கிளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதுவும் வெளிச்சம் இருக்கும்போது. தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், காற்றில் மணலும் உப்பும் பறந்துகொண்டே இருக்கும். அந்த மணல் உங்கள் செயினில் எண்ணெயோடு கலந்து கறுப்புப் பசையாக உட்கார்ந்திருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், நறநறக்கும். அதன் மேலேயே எண்ணெய் விட்டால் அரைக்கிற மாவுக்குத் தண்ணீர் விட்ட மாதிரி, பல்லைத் தின்றுவிடும். முதல் நாள் ராமநாதபுரத்திலேயே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவது உத்தமம். விட்டுப்போயிருந்தால் இங்கே செய்யுங்கள். அப்புறம் பிரேக் கட்டை. தேய்மானக் கோடு அழிந்திருந்தால் மாற்றுங்கள். கட்டையில் மணலோ அலுமினியத் துணுக்கோ பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள். மாற்றுக் கட்டையை மதுரையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே பஞ்சர் ஒட்டிவிடுவார்கள், உங்கள் கியர் சைக்கிளுக்கு ஏற்ற கட்டை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். டயரில் காற்றைக் குளிர்ந்த காலையில் அமுக்கிப் பாருங்கள். சமவெளி வெயிலில் அடித்த காற்று இங்கே சற்றுத் தளர்ந்திருக்கும்.

குழுவாகப் போகிறவர்கள் மறந்துவிடுகிற இன்னொன்று, குழுவுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது. நான்கு நாளாக ஒரே ஏழு முகம், ஒரே ஏழு முதுகு. யார் மெதுவாக வருகிறார், யார் டீக்கடையில் அதிக நேரம் எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. காலை ரவுண்டு முடிந்ததும் பிரிந்துவிடுங்கள். ஒருவர் தூங்கட்டும், ஒருவர் வீட்டுக்குப் போன் பேசட்டும், ஒருவர் தனியாக நடக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் சேருங்கள். அப்போதே கணக்கையும் முடித்துவிடுங்கள். எங்கள் குழுவில் நாற்பது ரூபாய் இளநீரை யார் கொடுத்தது என்ற சந்தேகம் பரமக்குடியில் ஆரம்பித்துக் கொடைக்கானல் வரை வந்தது. இரண்டு பேர் கொடுத்ததாகச் சத்தியம் செய்தார்கள். இளநீர்க்காரருக்கு எண்பது ரூபாய் போயிருக்கிறது என்று அன்று ராத்திரிதான் தெரிந்தது.

ஏழாவது நண்பரைக் கட்டிப்போட முடியாது. அவர் தனியாகப் பூம்பாறை போகிறேன் என்றால் போகட்டும், ஆனால் மறுநாள் இறக்கத்தில் அவர் கடைசி ஆளாக வரட்டும், முன்னால் விடாதீர்கள்.

ஆறாம் நாள் காலை அவசரப்படாமல், பனி விலகிய பிறகு கிளம்புங்கள். எங்கள் ஊர் வந்ததும் நேராகப் போகிற வத்தலக்குண்டு ரோட்டை விட்டுவிட்டுப் பழனி ரோட்டில் திரும்ப வேண்டும், பலர் பேச்சுச் சுவாரசியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். சட்டைக்குள் மார்பில் ஒரு நாளிதழை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், காற்று புகாது. பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து விட்டுவிடுங்கள், முன்னும் பின்னுமாகச் சேர்த்து. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நின்று விரலை விரித்து மூடுங்கள். கொண்டை ஊசி வளைவில் மேலேறி வருகிற பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி கிடையாது, நீங்கள்தான் நிற்க வேண்டும்.

அடிவாரம் வந்ததும் வெயில் மறுபடி முகத்தில் அறையும், நாளிதழை எடுத்துப் போட்டுவிடலாம். பழனியில் பஞ்சாமிர்தம் வாங்குங்கள். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை. அதில் போடுகிற விருப்பாச்சிப் பழம் நீங்கள் இறங்கி வந்த இதே மலையில் விளைவது. ரயில் வரும் வரை ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டப்பா காலி செய்யலாம், அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.